உன்னிடம் சொல்லாமல் விட்டது

சோழவந்தான்
மே 2024

அன்புள்ள தாயி,

நீ போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து அம்மா, "என்ன சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "சிக்னல் போயிருச்சு" என்றேன். பொய். சிக்னல் நன்றாகவே இருந்தது. "எனக்குச் சேதியை மறைச்சுட்டு எனக்காக நீங்களே முடிவெடுத்திருக்கீங்க. என் கப்பல்ல ஒருத்தன் இப்படிச் செஞ்சா நான் அவனை என்ன செய்வேன்னு தெரியுமாப்பா?" என்று நீ கேட்டது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது.

வாட்ஸ்அப்பில் பதில் தட்டிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால்தான் இந்தக் கோடு போட்ட பேப்பர். ஒரு காலத்தில் உன் அப்பத்தா யாரையாவது பிடித்து எழுத வைத்து எனக்கு அனுப்பிய அதே கடற்படைத் தபால் விலாசத்துக்கு, ஃப்ளீட் மெயில் ஆபீசுக்கு, இப்போது நான் உனக்கு எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவுக்கு வந்த சித்தி வாய் தவறி உளறியதில் உனக்குப் பாதிதான் வந்திருக்கும். மார்ச் 14 வியாழக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பையன் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்று குழாயில் அடைப்பு. சனிக்கிழமை பைபாஸ் செய்தார்கள். காகிதத்தில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் போட்டேன்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியில் உங்கள் செய்திதான் ஓடியது. சோமாலியக் கொள்ளைக்காரர்கள் கையில் இருந்த 'ரூயன்' கப்பலை நம் 'கொல்கத்தா' போர்க்கப்பல் மடக்கி, 35 பேரைச் சரணடைய வைத்து, 17 மாலுமிகளை உயிரோடு மீட்டது என்று சொன்னார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டினார். எனக்குக் கை வரவில்லை. ஜனவரியில்தான் 'மார்லின் லுவாண்டா' எண்ணெய்க் கப்பலில் ஏவுகணை விழுந்து எரிந்து, நம் 'விசாகப்பட்டினம்' கப்பல் போய்த் தீயை அணைத்ததைப் பார்த்திருந்தேன். நீ அந்தப் பக்கத்துத் தண்ணீரில்தான் எங்கோ இருக்கிறாய் என்பது மட்டும் தெரியும். எந்தக் கப்பல் என்று இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். பழக்கம் விடாது.

முறை என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கமாண்டிங் ஆபீசருக்குத் தகவல் போயிருந்தால், உன்னிடம் எப்போது சொல்வது என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். போன் கையில்தான் இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ராத்திரி வாட்சில் நீ பிரிட்ஜில், கப்பலைச் செலுத்துகிற இடத்தில், நிற்கிறாய். வானத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. டிரோனா, பறவையா, சும்மா போகிற விமானமா என்று சொல்ல உனக்குச் சில விநாடிதான். அந்த விநாடியில் உன் மனசு ஐசியூ வாசலில் நின்றால், உன்னை நம்பித் தூங்குகிற அத்தனை பேரும் என்ன ஆவார்கள்? சரி, வேண்டாம் என்று போனைப் பையில் போட்டேன். அதை ஒரு கேப்டனின் முடிவு மாதிரி நினைத்துக்கொண்டேன், தாயி. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றால் நம்புவாயா?

இந்த மறைக்கிற புத்தி புதிதல்ல. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, எனக்குப் பத்தொன்பது வயசு. வங்காள விரிகுடாவில் ஒரு சின்னக் கப்பலில் பாய்லர் பார்க்கிற ஸ்டோக்கர். கிளம்பும் முன் ஆத்தாவுக்கு எழுதிய கடிதத்தில் கப்பல் பெயரும் இல்லை, எந்தக் கடல் என்றும் இல்லை. எழுதக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் அதற்கு முன்னால் லீவில் வந்திருந்தபோதே, கப்பல் பெயரை அது ஆசையாகக் கேட்டும் நான் சொல்லவில்லை. தெரிந்தால் பயப்படும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? டிசம்பர் 9 ராத்திரி டையூவுக்குப் பக்கத்தில் நம் 'குக்ரி' போர்க்கப்பல் மூழ்கிப் போயிற்று. பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி போட்ட டார்பிடோ. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். அதில் கேப்டன் முல்லாவும் ஒருவர். அவர் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. அது மேற்கே, அரபிக் கடலில். நான் இருந்தது கிழக்கே. இங்கே டீக்கடை ரேடியோவில் நம் கப்பல் ஒன்று மூழ்கியது என்று செய்தி வந்தபோது, கப்பல் பெயரை அறிவிப்பாளர் சொல்லியும் ஆத்தாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மகன் இருந்த கப்பலின் பெயரே அதற்குத் தெரியாதே. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி கட்டப் போவதை நிறுத்திவிட்டு, தினமும் அந்தக் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுமாம். கடைக்காரர் எழுப்பி வீட்டுக்கு அனுப்புவாராம்.

சண்டை முடிந்து துறைமுகத்துக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் தந்தி கொடுத்தது. "நலம். கடிதம் பின்னால்." அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நம் தெருவுக்குத் தந்தி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம். சைக்கிளில் ஆள் வருவதைப் பார்த்ததுமே ஆத்தா மண்ணில் விழுந்துவிட்டது. தந்தியை யாரும் பிரிக்கவில்லை. பெண்கள் கூடி மாரடித்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். நான் பிறந்தது முதல் கப்பலேறியது வரை பாட்டாகவே வந்ததாம். யாரோ ஒருவர் தந்தியைத் தூக்கிக்கொண்டு போஸ்ட் மாஸ்டரிடம் ஓடி, அவர் படித்துச் சொல்லித்தான் அழுகை நின்றது. பிறகு நான் லீவில் வந்தபோது, ஆத்தா விளக்குமாற்றோடு வாசலிலேயே நின்றது. "எம்டன்! உசிரோட இருக்கேன்னு சொல்றதுக்கா தந்தி குடுத்தே?"

எம்டன் என்று அது திட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் அது. ஊரைக் குலை நடுங்க வைத்ததில் பெயரே வசவாகிவிட்டது. அந்தக் கேப்டன் முல்லரே அடுத்த மாதம் பினாங்குக்கு வெளியே ஒரு பிரெஞ்சுக் கப்பலை மூழ்கடித்தபோது, எதிரி இன்னும் துரத்தி வரலாம் என்று தெரிந்தும் நின்று, தண்ணீரில் கிடந்த 36 பேரை ஏற்றிக்கொண்டார். ஆத்தாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் வேறு வசவு தேடியிருக்கும்.

அந்த லீவில்தான் ஆத்தா ஒரு ராத்திரி மெதுவாகக் கேட்டது. "ஏய்யா, நீ யாரையும் கொல்லலையில்ல?" நான் சொன்னேன்: "நான் பாய்லர்ல தண்ணி கொதிக்க வைக்கிற ஆளு ஆத்தா. சுடுறதெல்லாம் மேல உள்ளவங்க." கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றது. நம் ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டிச் சொன்னது: "ரயிலு இஞ்சின்ல கரி அள்ளிப் போடுறவனுக்கும் ரயிலு எங்க போகுதுன்னு தெரியும்லய்யா."

அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சண்டையில் ஒரு ராத்திரி, மிடில் வாட்ச், மணி மூன்று இருக்கும். பாய்லர் ரூமில் சூடு தாங்காமல் கழுத்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். திடீரென்று மணி அடித்தது. ஸ்டாப். நடுக்கடலில், சண்டைக்காலத்தில், இருட்டில், ஸ்டாப். காற்றுக் குழாயின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே ஏற்கெனவே முடிந்துபோன கதை. ஆனால் கீழே இருந்த எங்களுக்கு அது தெரியாது. நின்ற கப்பல் என்றால் டார்பிடோவுக்குப் படையல். எங்கள் சீஃப் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நிமிஷம். நான் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை படி என்று இன்றும் சொல்வேன், பதினான்கு.

மறுபடி மணி அடித்து, கப்பல் நகர்ந்து, கால் மணி நேரத்தில் ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். விளக்கில்லாத ஒரு நாட்டுப் படகு. கூப்பிட்டும் பதில் இல்லை. சுட்டிருக்கலாம், சுற்றிக்கொண்டும் போயிருக்கலாம். நான் நிறுத்தினேன். உள்ளே பெண்களும் பிள்ளைகளுமாக அகதிகள். தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். உங்கள் எல்லோர் உயிரையும் பதினோரு நிமிஷம் பணயம் வைத்தேன், காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் சொன்னார்.

மெஸ்ஸில் பெரிய சண்டையே நடந்தது. "நம்ம உசிரை வச்சு அவரு புண்ணியம் தேடிக்கிட்டாரு" என்றார் சீஃப். அவருக்கு மூன்று பிள்ளைகள், அவர் சொன்னதும் தப்பில்லை. 'குக்ரி' மூழ்கிய பிறகும் அதே வழக்குதான். கூடப் போன 'கிர்பான்' மேலும் டார்பிடோ வந்தது. அது அங்கிருந்து விலகி, மறுநாள் திரும்பி வந்த பிறகுதான் உயிரோடு மிதந்தவர்களைத் தூக்கினார்கள். மொத்தம் 67 பேர். ராத்திரியே நின்று தூக்கியிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நின்றிருந்தால் இரண்டு கப்பலும் போயிருக்கும் என்று ஒரு கட்சி. நான் ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு கட்சியில் இருந்திருக்கிறேன். இப்போது எதிலும் இல்லை.

1949 ஜெனீவா ஒப்பந்தம் சண்டை முடிந்ததும் தண்ணீரில் கிடப்பவர்களைத் தேடி எடு என்கிறது. ஆனால் முடிந்த வழியெல்லாம் செய் என்பதுதான் அதன் வாசகம். எது முடியும் என்பதை அந்த இருட்டில் நிற்கிற ஒருவர்தான் சொல்ல வேண்டும். உனக்கு இதை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். 'லக்கோனியா' கதையும் சொல்லியிருப்பார்கள். 1942 செப்டம்பர் 12-இல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே ஒரு பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன் ஹார்ட்டென்ஸ்டைன், தண்ணீரில் கத்துகிறவர்களில் பலர் தங்கள் கூட்டாளி நாடான இத்தாலியின் கைதிகள் என்று கண்டதும், அவர்களோடு சேர்த்து ஆங்கிலேயப் பெண்கள், பிள்ளைகள் என எல்லோரையும் தூக்கினார். நீர்மூழ்கிக்கு மௌனம்தான் கவசம். அவர் அதை உடைத்து, இன்ன இடத்தில் இருக்கிறேன், உதவிக்கு வருகிற கப்பலைத் தாக்க மாட்டேன் என்று ரகசியச் சங்கேதம் இல்லாமல் ஆங்கிலத்திலேயே வானொலியில் அறிவித்தார். நாலு நாள் கழித்து, செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தும், அமெரிக்க விமானம் குண்டு போட்டது. உயிர்ப்படகுகளை இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை அறுத்துவிட்டு முங்க வேண்டியதாயிற்று. மறுநாளே இனி யாரையும் காப்பாற்றாதே என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு போட்டார்.

சொல்லி நஷ்டப்பட்டவர் கதை அது. ஆஸ்பத்திரி நாற்காலியில் எனக்கு நினைவுக்கு வந்ததும் அதுதான். சொன்னால் குண்டு விழும் என்று. எங்கள் கேப்டனின் பதினோரு நிமிஷம் அன்று நினைவுக்கு வரவே இல்லை. நீ போனை வைத்த பிறகு, திண்ணையில்தான் வந்தது.

அவரும் எங்களைக் கேட்டு நிறுத்தவில்லை. கேட்க நேரம் ஏது? ஆனால் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார். நான் ஆறு வாரம் இழுத்தேன். முதல் இரண்டு நாள் மறைத்தது சரியா தப்பா என்று நாம் நேரில் சண்டை போடலாம், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு மறைத்ததற்கு எந்தக் காரணமும் இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகும், வாரம் ஒரு தடவை நீ பேசினபோது, "அம்மா கோயிலுக்குப் போயிருக்கா" என்று சொன்னேன் பார், அது உன் கப்பலுக்காக இல்லை. உன் கோபத்துக்குப் பயந்து. ஆத்தாவிடம் கப்பல் பெயரைச் சொல்லாமல் விட்டதும் அதே வகைதான் போல. மன்னித்துக்கொள், தாயி.

அன்று போனில் கடைசியாக, "இங்கயும் ஒண்ணு நடந்துச்சுப்பா, சொல்ல முடியாது" என்றாய். அதைக் கேட்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும்போது ஒரு ராத்திரி திண்ணையில் உட்காரு. கப்பலைப் பற்றி ஒன்றும் வேண்டாம். உனக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல். நான் உன் அம்மாவிடம் அந்தப் பதினோரு நிமிஷத்தைச் சொன்னதே போன வாரம்தான். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பிள்ளைக கரை சேந்துச்சா?" தெரியாது என்றேன்.

அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீயே படித்துக்கொள், நான் எதையும் குறைத்துச் சொன்னேன் என்ற பேச்சு வேண்டாம். புகையிலையை விட்டுவிட்டாள். வெற்றிலையை விடவில்லை.

இன்னொன்று. போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்ணில் நீர் அழுத்தம், இடது பக்கப் பார்வை ஓரத்தில் சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார்கள். சொட்டு மருந்து போடுகிறேன். இடது பக்கம் வருகிற வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. டி.வி.எஸ். 50-இல் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் இன்னமும் சந்தைக்குப் போகிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள். இப்போது உனக்குத் தெரியும். சொல்வதா வேண்டாமா என்று நீ பார்த்துச் செய்.

அன்புடன்,
அப்பா