ஏப்ரல் 4: வேலூர் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் 60 வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 4, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவு நாள். அன்று மாமன்றத்தில் ஒரு சிறப்புக் கூட்டம் போட்டு, நம் ஊர் தூய்மைப் பணியாளர்களை உள்ளே உட்காரவைத்து, அவர்கள் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். இவ்வளவுதான் என் கோரிக்கை. அமெரிக்கத் தலைவருக்கும் வேலூர் மாநகராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஒரு நகராட்சியின் குப்பைத் தொழிலாளர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் அவர் உயிரை விட்டார்.

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் நல்ல மழை. இரண்டு தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென்று ஓடியதில் இருவரும் நசுங்கி இறந்தார்கள். சில நாட்களில் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். அநேகமாக எல்லோரும் கறுப்பின மக்கள். முழுநேரம் உழைத்தும் பலருக்கு அரசு நிவாரணம் வாங்கித்தான் குடும்பம் நடந்தது. 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்கள் சங்கத்தை ஏற்க முடியாது என்றார் மேயர்.

மார்ச்சில் கிங் வந்தார். 28-ஆம் தேதி ஊர்வலத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன, 16 வயதுப் பையன் ஒருவன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான். கிங் அத்தோடு ஒதுங்கியிருக்கலாம். வன்முறை இல்லாமல் இன்னொரு ஊர்வலம் நடத்திக் காட்டியே தீருவது என்று திரும்பி வந்தார். ஏப்ரல் 4 மாலை, விடுதி மாடத்தில் சுட்டுக் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து அவர் மனைவி கொரெட்டா முன்னால் நடக்க, பல்லாயிரம் பேர் அமைதியாக அந்த ஊர்வலத்தை நடத்தி முடித்தார்கள். ஏப்ரல் 16-ல் நகர நிர்வாகம் இறங்கி வந்து சங்கத்தை ஏற்றது, சம்பளத்தையும் உயர்த்தியது. பிப்ரவரியிலேயே போட்டிருக்கக்கூடிய கையெழுத்து அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1959-ல் காந்தி பிறந்த நாட்டைப் பார்க்க வந்த கிங், சென்னைக்கும் வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார் தலைமையாசிரியர். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டதாகப் பின்னால் அவரே சொன்னார். நம் தெருக்களைக் கூட்ட வருபவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நம் தொரப்பாடி சிறையில் சத்தியாகிரகிகள் பலர் அடைபட்டிருந்தார்கள். காமராஜர் இங்கே கைதியாக இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவரானார். 1941-ல் விடுதலையானதும் நேராகப் போய், முழுமையாக வேலை செய்ய முடியாத பதவி எனக்கு எதற்கு என்று ராஜினாமா செய்துவிட்டார். உங்கள் நாற்காலிக்கு அவர் வைத்த மரியாதை அது.

கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்பதைத் தொழிலாளர்களே சொல்லட்டும். ஆனாலும் சிலவற்றை நீங்களே முந்திக்கொண்டு அறிவிக்கலாம். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கும் பி.எஃப். பிடித்தத்தோடு மாதாமாதம் சம்பளச் சீட்டு. விடியுமுன் வேலைக்கு வரும் பெண்களுக்கு வார்டுதோறும் கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை. சித்திரை வெயிலில் மதிய வேலை கிடையாது என்ற உறுதி. பாதாளச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பணம் கொடுக்கும் நிலைமையே வராமல், ஆள் இறங்காத வேலைமுறையை நம் மாமன்றம் தீர்மானமாகவே போடட்டும். பக்கத்து ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்ததை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், பொன்னாடை வேண்டாம். பேச வருபவர்களுக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. பேசியதற்காக மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ பின்னால் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இதை நீங்கள் எழுத்தில் தந்தால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். கூட்டத்தைப் பிற்பகலில் வையுங்கள். காலை வேலை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர அவர்களுக்கு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் குடியிருக்கும் ஒரு வாக்காளர்