கியூப்பைப் பழுதாக்கிய ‘சிலிக்கன்’ எண்ணெய் பற்றிய புகார்

உரும்பிராய்,
யாழ்ப்பாணம்.
05.08.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

விடயம்: ‘நூறு வீதம் சிலிக்கன்’ என்று விற்கப்பட்ட கியூப் எண்ணெய் (10 மில்லிலீற்றர், 1,850 ரூபா)

சென்ற மாதம் உங்கள் இணையக் கடையில் இந்த எண்ணெயை வாங்கினேன். அடுக்குகளைத் திருப்பி நிறம் சேர்க்கும் என் ரூபிக் கியூப் இலகுவாகத் திரும்புவதற்காக விட்டேன், அது கியூப்பையே பழுதாக்கிவிட்டது. ஜூலை 19ஆம் திகதி மின்னஞ்சலில் முறையிட்டேன். “நான்கு வருடம் பாவித்த கியூப் என்பதால் இது சாதாரண தேய்மானம், புதிய மாதிரி வாங்கினால் 10 வீதம் கழிவு தருகிறோம்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

நான் மூன்றடுக்குக் காந்தக் கியூப்பை வேகமாகத் தீர்த்துப் பழகுகிறவன். 2021இல் வாங்கிய அதே கியூப்தான் இன்றுவரை. ஒரு நாளைக்கு 40 தடவையாவது தீர்ப்பேன். இங்கே சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி யன்னல் பூட்டியிருந்தாலும் உள்ளே வந்துவிடும். அது துண்டுகளுக்கு இடையே போய், பழைய எண்ணெயோடும் தேய்ந்த பிளாஸ்ரிக் தூளோடும் சேர்ந்து சாம்பல் நிறச் சேறாகிவிடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பது என் வழக்கம். நான் பராமரிக்கத் தெரியாதவன் என்று உங்கள் பதில் சொல்லாமல் சொல்வதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஜூலை 12, சனிக்கிழமை. மேல் அடுக்கை 45 பாகை திருப்பி, ஓர் ஓரத்துண்டைப் பெருவிரலால் நெம்பிக் கழற்றினேன். 12 ஓரத்துண்டுகளையும் 8 மூலைத்துண்டுகளையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம் விட்டுக் கழுவினேன். ஆறு நடுத்துண்டுகளோடு நிற்கும் அச்சை நனைக்கவில்லை. அதில் ஸ்பிரிங்கும் ஸ்குறூவும் இருக்கின்றன, துருப்பிடிக்கும். அதைத் துணியால் மட்டும் துடைத்தேன். கழுவிய துண்டுகளைத் துவாயில் பரப்பி ஓர் இரவு முழுக்க உலரவிட்டு, மறுநாள் பின்னேரம் உங்கள் எண்ணெயில் மூன்றே மூன்று சொட்டு விட்டுப் பூட்டினேன்.

போத்தலைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் வாசம் வந்தது. சிலிக்கன் எண்ணெய்க்கு அப்படி வாசம் இராது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் கடையில் ஏற்கெனவே வாங்கிய பொருட்கள் நல்லவையாக இருந்தன, அந்த நம்பிக்கையில் விட்டேன்.

முதல் நாள் கியூப் பறந்தது. இரண்டாம் நாள் இழுவை. மூன்றாம் நாள் ஒவ்வொரு திருப்பலுக்கும் கிறீச்சென்ற சத்தம். ஐந்தாம் நாள் ஒரு மூலைத்துண்டின் உள்ளே இருக்கும் கால் வெளிறி, மயிரிழைபோல வெடித்து, கையிலேயே முறிந்தது. கழற்றிப் பார்த்தபோது இன்னும் இரண்டு மூலைத்துண்டுகளில் அதே இடத்தில் வெடிப்பு. இன்னொன்றில் காந்தத்தின் பசை விட்டுப்போய் உள்ளே கிடந்து ஆடுகிறது. மொத்தம் 48 காந்தங்கள் உள்ள கியூப்பில் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். அடுக்கு சரியான இடத்தில் வந்து நிற்பதைக் கை அந்தச் சின்ன இழுப்பால்தான் அறிகிறது. ஓரிடத்தில் அது இல்லையென்றால் விரல் தடுமாறும். போட்டி முறைப்படி ஐந்து தடவை தீர்த்து, மிகக் குறைந்த நேரத்தையும் மிகக் கூடிய நேரத்தையும் நீக்கிச் சராசரி பார்ப்பேன். கழுவுவதற்கு முதல் வாரம் 15.8 செக்கன். முறிவதற்கு முதல் நாள் 19.4. இரண்டும் என் கொப்பியில் திகதியோடு இருக்கின்றன.

தேய்மானம் என்கிறீர்கள். தேய்மானம் என்னவென்று இந்தக் கியூப்பில் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உரசும் முகங்கள் வழவழப்பாகும், திருப்பும் சத்தம் மென்மையாகும், ஸ்குறூவைக் கால் சுற்றுத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டிவரும். தேய்மானத்தால் பிளாஸ்ரிக் நான்கு நாளில் மங்கிப் பிசுபிசுக்காது. இந்தக் கியூப்கள் ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கில் செய்தவை. பெற்றோலியக் கரைப்பான் கலந்த எண்ணெய் பட்டால் அது பலமிழக்கலாம், அதுவும் இழுவிசை விழும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். என் மூலைத்துண்டுகள் வெடித்தது அந்த இடத்திலேதான்.

இருந்தாலும் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காக ஒன்று செய்து பார்த்தேன். இதே மாதிரிப் பழைய கியூப் ஒன்றின் உதிரித் துண்டுகள் என்னிடம் இருந்தன. அதில் இரண்டு ஓரத்துண்டுகளை எடுத்து, ஒன்றில் உங்கள் எண்ணெயையும் மற்றதில் முன்பு பாவித்த சிலிக்கன் எண்ணெயின் மிச்சத்தையும் பூசி, இரண்டு ஜாம் போத்தல்களில் மூடி அலுமாரிக்கு மேல் வைத்தேன். நான்கு நாள் கழித்து, சிலிக்கன் பூசிய துண்டு அப்படியே இருந்தது. உங்கள் எண்ணெய் பூசியது பளபளப்பு மங்கி, விரலில் ஒட்டியது. வெள்ளைக் கடுதாசியில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன். நனைந்தது பெரும்பாலும் ஆவியாகி மஞ்சள் வளையம் மட்டும் மிஞ்சியது. சிலிக்கன் எண்ணெய் பொதுவாக அப்படி ஆவியாகாது. படங்களை இணைத்துள்ளேன்.

அந்தக் கியூப் எனக்கு ஏன் பெரிது என்றும் சொல்ல வேண்டும். புதிய கியூப் வாங்கலாம், உண்மைதான். ஆனால் பல்லாயிரம் தடவை திருப்பித் திருப்பி என் விரலுக்குப் பழகிய பொருள் இது. ஆறு ஸ்குறூவின் இறுக்கமும் நானே மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வைத்தது. கவனமாக வைத்திருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். பழையது என்றால் எறி என்பது கியூப் விற்கிறவர்கள் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் தேடிய விளையாட்டுப் பொருட் கடைகளில் ஒட்டுப்படம் ஒட்டிய இறுக்கமான கியூப்தான் இருந்தது. நல்ல எண்ணெய்க்கும் உதிரிப்பாகத்துக்கும் கொழும்பையும் கூரியரையும் நம்பித்தான் இருக்கிறோம்.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்று. என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளில் ஆறு பேர் கியூப் பழகுகிறார்கள். உங்கள் கடையை அவர்களுக்குச் சொன்னதே நான்தான். இருவர் இதே எண்ணெயை வாங்கிவிட்டார்கள். நல்ல காலம், பூசுவதற்கு முன் தடுத்துவிட்டேன். வீட்டில் கெஞ்சிக் காசு வாங்கிய பிள்ளைகள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

எண்ணெயின் விலை 1,850 ரூபாவையும், பழுதான நான்கு மூலைத்துண்டுகளுக்கு அதே மாதிரி உதிரித் துண்டுகளையும் தாருங்கள். உதிரித் துண்டு உங்களிடம் இல்லையென்றால் அதே மாதிரிக் கியூப் ஒன்று. அந்த இரு பிள்ளைகளின் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இதற்கெல்லாம் முதல், இந்தத் தொகுதியை இன்றே விற்பனையிலிருந்து எடுங்கள். வாங்கியவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள். உங்களுக்கு வழங்கியவரே உங்களை ஏமாற்றியிருக்கலாம், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். போத்தலில் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது, எறியவில்லை. பரிசோதிக்க விரும்பினால் முறிந்த துண்டுகளோடு அனுப்பிவைக்கிறேன், கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, ஒன்பது படங்கள், கொப்பியின் இரண்டு பக்கங்கள்