விண்டோஸுக்கு மாற்ற வேண்டியது எது?

நாகர்கோவில்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மயிலாடிச் சிற்பக்கூடம் ஒன்றுக்காகக் கல் செதுக்கும் ரூட்டரை நீயே கட்டுகிறாய் என்பதையும், பாலிடெக்னிக் முடித்த மகள் மார்த்தாண்டம் பட்டறையில் உனக்குத் துணையாக நிற்கிறாள் என்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே கோணத்தில் வேலைக்குக் குறைவில்லை, மழைதான் விட்டபாடில்லை.

ரூட்டரை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியின் மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது, ஆள் வைத்து அதை விண்டோஸுக்கு மாற்றி எழுதினால் என்ன என்று கேட்டிருந்தாய். பையன்களுக்குப் பழக்கம் விண்டோஸ், டிசைன் போடுவதும் அதில்தான் என்னும் உன் நியாயம் எனக்குப் புரிகிறது. மாற்றலாம், ஆனால் எந்தப் பகுதியை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உன் ரூட்டரையே எடுத்துக்கொள். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாகச் சுற்றும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 8 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிக்கும் மோட்டார் டிரைவர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ், அதாவது மின்துடிப்பு, வேண்டும். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 16,000 பல்ஸ், அதாவது 62.5 மைக்ரோநொடிக்கு ஒன்று. கணினியே பேரலல் போர்ட் என்ற பழைய பிரிண்டர் இணைப்பு வழியாக இதை அனுப்பினால், ஒரு பல்ஸ் சற்றுத் தாமதித்து அடுத்தது அவசரமாக வந்தாலும் மோட்டார் திணறி ஸ்டெப்பைத் தவறவிடக்கூடும். அப்படிக் கருங்கல்லில் தவறாக விழுந்த கோட்டை யாராலும் அழிக்க முடியாது. சாதாரண விண்டோஸின் கடிகாரத் துடிப்போ இயல்பாக 15.6 மில்லிநொடி. நிரல் கேட்டுக்கொண்டால் 1 மில்லிநொடி அளவுக்கு இறங்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்தில் எழுப்புவேன் என்ற உறுதியை அது தருவதில்லை. லினக்ஸில் அந்த உறுதிக்காகவே பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அதற்கான பிரீஎம்ப்ட்-ஆர்டி, தனியே ஒட்டும் பேட்ச்சாக இருந்து, 2024இல்தான் லினக்ஸின் மையநிரலான கர்னலின் 6.12 பதிப்போடு முழுமையாகச் சேர்ந்தது.

இதே வேலையைச் செய்யும் மாக்3 மென்பொருள் விண்டோஸில் ஓடவில்லையா என்று நீ கேட்பாய். ஓடியது, கர்னலுக்குள் தனக்கென ஒரு டிரைவர் நிரலை நுழைத்துக்கொண்டு ஓடியது. 64 பிட் விண்டோஸ் வந்ததும் அதன் பேரலல் போர்ட் டிரைவர் வேலை செய்யாமல் போயிற்று. அடுத்தவர் கையில் இருக்கும் கர்னலை நம்பி நேரம் பார்ப்பவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மேசா நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கார்டு போட்டால் பல்ஸ் எழுப்பும் வேலையை அதிலுள்ள எஃப்பிஜிஏ சில்லு பார்த்துக்கொள்ளும், கணினி வேகத்தை மட்டும் சொன்னால் போதும். பெரிய ஆறுதல்தான். ஆனாலும் மில்லிநொடிக்கு ஒரு முறை ஈதர்நெட்டில் கட்டளை போய்ச் சேர வேண்டும். குறித்த கெடுவுக்குள் வராவிட்டால் கார்டின் வாட்ச்டாக் என்ற காவல் அமைப்பு வெளியீடுகளை நிறுத்திவிடும். ஆகவே கார்டு இருந்தாலும் நேரம் தவறாமல் ஓட வேண்டிய நிகழ்நேரப் பகுதியை விண்டோஸிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்றத் தகுந்தது அதன் மேலே உள்ளது. இயந்திரம் எங்கே எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் ஜி-கோடைப் படித்துப் பொருள் கொள்ளும் பகுதி, அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனத்தில் பிறந்த சி++ நிரல். அதற்கு மைக்ரோநொடிக் கெடு எதுவும் இல்லை. திரைகள் பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டவை. லினக்ஸ்சிஎன்சிஆர்எஸ்ஹெச் என்ற நிரலை ஓட விட்டால், வலைவழியாக 5007ஆம் போர்ட்டில் வெறும் எழுத்துக் கட்டளைகளை அது வாங்கிக்கொள்ளும். ரூட்டருக்கு அடியில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று லினக்ஸோடு இருக்கட்டும். பையன்கள் தொடும் திரை மட்டும் விண்டோஸில் இருக்கட்டும். அந்தத் திரையை எழுதுவது உன் மகளால் முடிகிற வேலை, அவளுக்கு நல்ல படிப்பும் ஆகும். ஒன்றே ஒன்று: எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை வலைவழி விடாதே, நேரடி ஒயரில் மின்னோட்டத்தையே வெட்டும்படி அமைத்துவிடு.

இடையில் அவள் பழகுவதற்கு விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லிலேயே லினக்ஸ்சிஎன்சியின் சிமுலேட்டரை ஏற்றிக் கொடு. அது மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவதால் உண்மையான ரூட்டரை அதில் இணைக்க வேண்டாம்.

உன் ஸ்க்ரூவின் பிட்ச்சையும் டிரைவர்களின் மாடலையும் எழுதி அனுப்பு. அவை கிடைத்ததும் லினக்ஸ்சிஎன்சியை மோட்டார்களோடு இணைக்கும் ஹால் கோப்பை நானே எழுதி, மழை விட்ட பிறகு மார்த்தாண்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்