புயல் இரவில் வருகைப் பதிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் குறித்துச் சென்ற வார இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். புயலின்போது கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்துபோனால் மாற்று வழியாக இருக்கட்டும் என்று, கடலோரத் தாலுகா அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒரு ஹாம் வானொலிக் கருவியை (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி) வாங்கி வைக்கலாம் எனக் கட்டுரையாளர் யோசனை கூறியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உரிமம் வைத்திருக்கும் அமெச்சூர் வானொலியாளன் என்ற முறையில், அந்த யோசனையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. உரிமம் இல்லாதவர் அந்தக் கருவியில் பேசவே கூடாது என்பது ஒருபுறமிருக்க, பீரோவில் பூட்டி வைத்த கருவி புயலன்று யாருக்கும் பயன்படாது. தினமும் காலையில் அதில் வெட்டிப் பேச்சு பேச நாலு பேர் இருந்தால்தான், தேவைப்படும் இரவில் அது பேசும்.

‘வெட்டிப் பேச்சு’ என்பது என் மனைவி வைத்த பெயர். அதை மறுக்க எனக்கு வழியில்லை. காலை ஆறரை மணிக்கு எங்கள் குழுவின் உறுப்பினர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவோம்; அதற்கு ‘நெட்’ என்று பெயர். எங்களில் ஒருவர் அதை நடத்தும் ‘நெட் கன்ட்ரோல்’ பொறுப்பை ஏற்று, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதைப் போல ஒவ்வொரு கால்சைனாக (உரிமத்தோடு தரப்படும் அழைப்புக்குறி) கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தம் ஊரையும், சிக்னல் எப்படிக் கேட்கிறது என்பதையும் சொல்லிவிட்டு, மழை பெய்ததா, மின்சாரம் இருக்கிறதா, மூட்டுவலி தேவலையா என்று இரண்டு வார்த்தை பேசி முடிப்பார். இதில் ஒரு மண்ணும் இல்லை என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால், ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கேட்டு, யாருடைய பேட்டரி புதியது, யாருடைய ஆண்டெனாக் குழாய் உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்கிறது, யார் தனியாக வசிக்கிறார், யாருடைய வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதில் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அன்று திங்கட்கிழமை, திருக்கார்த்திகையும்கூட. காலை நெட்டில் வழக்கமான அரட்டையை நிறுத்திவிட்டு, ஆண்டெனாவை இறக்குங்கள், கோ-ஆக்சியல் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றுங்கள், பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், மேல்தொட்டியை நிரப்புங்கள் என்று நெட் கன்ட்ரோல் ஒவ்வொருவரிடமும் சொல்லி, செய்தாயிற்றா என்று திரும்பவும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதமே ஆகியிருந்த நேரம் என்பதால், கையில் நூறு ரூபாய்த் தாள்கள் யாரிடம் இருக்கின்றன என்ற கணக்கும் அன்று காலையில் எடுக்கப்பட்டது. கார்டு தேய்க்கும் கருவிகள் மறுநாள் வேலை செய்யாது என்று ஊகித்த அந்த நண்பரைப் பிறகு நாங்கள் மிகவும் மெச்சினோம்.

பிற்பகலில் காற்று முற்றியபோது முதலில் கைவிட்டது எங்கள் ரிப்பீட்டர்தான். உயரமான கட்டடத்தின் உச்சியில் இருந்துகொண்டு, நகரின் ஒரு மூலையிலிருந்து வரும் குரலை வாங்கி மறு மூலைக்கு அனுப்பும் கருவி அது. மின்சாரம் போனதும் அது பேட்டரிக்கு மாறியிருக்க வேண்டும். ஆனால் அந்த பேட்டரியை இரண்டு ஆண்டுகளாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இது எங்கள் குற்றமே தவிர, புயலின் குற்றம் அல்ல. அதன்பின் ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேச முயன்றால், 145 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்வது என்பதால், அடையாறில் பேசுவது பெரம்பூரில் கேட்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் நான்காம் மாடியில் குடியிருந்த உறுப்பினர் ஒருவர், இரு பக்கத்துக் குரல்களையும் கேட்டு, வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டராகத் தாமே மாறி, இரவு பதினொரு மணி வரை நகராமல் உட்கார்ந்திருந்தார். புயலின் கண் கடந்தபோது காற்று சட்டென்று ஓய்ந்ததும், முடிந்துவிட்டது என்று எண்ணி மொட்டைமாடிக்குப் புறப்பட்ட இரண்டு பேரை, காற்று திசை மாறி மறுபடி வீசப்போகிறது என்று தடுத்து நிறுத்தியதும் அவர்தான்.

மாலை ஆறு மணி வருகைப் பதிவில் ஒரு குரல் வரவில்லை. எண்பது வயதைத் தாண்டிய, வடசென்னையில் தனியாக வசித்துவந்த மூத்த உறுப்பினர் அவர். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை, கைப்பேசியும் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த இரண்டு உறுப்பினர்கள், சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரங்களின் மேல் ஏறி இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் எட்டரை மணிக்கு அவர் வாசலை அடைந்தார்கள். கதவைத் திறந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “என்னப்பா, என் கால்சைனைத் தப்பாகவே கூப்பிடுகிறான் அந்தப் பையன்?” என்பதுதான். நடந்தது இதுதான்: மொட்டைமாடிக் கேபிள் அறுந்துவிட்டது, கையடக்கக் கருவியில் எங்கள் குரல் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது, ஆனால் அதன் ஐந்து வாட் திறன் வீட்டுச் சுவர்களைத் தாண்டி எங்களை எட்டவில்லை. இரண்டரை மணி நேரமாக நாங்கள் தம்மைத் தேடுவதை, பதில் சொல்ல முடியாமல் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போனவர்கள் வீட்டிலிருந்த செம்புக் கம்பியை அரை அரை மீட்டராக ஐந்து துண்டுகள் நறுக்கி, ஒன்றை மேல்நோக்கியும் நான்கைக் கீழ்நோக்கிச் சாய்வாகவும் ஒரு சாக்கெட்டில் பற்றவைத்து, தற்காலிக ஆண்டெனாவாகப் பால்கனிக் கம்பியில் கட்டிக் கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் ஈயப்பற்று வைப்பதற்குச் சூடு எங்கே கிடைத்தது என்றால், சமையல் எரிவாயு அடுப்பில் ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சினார்களாம். வாசலில் ஏற்றக் காற்று விடாத அகல் விளக்குகளைக் கூடத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஒன்பதரை மணிப் பதிவுக்கு அவர் பதில் சொன்னார்.

நகரத்துக்கு வெளியே இருந்த உறுப்பினர்களும் சும்மா இருக்கவில்லை. கோவை, பெங்களூரு, ஐதராபாத் நண்பர்கள் பகல் முழுவதும், வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் செல்லும் 40 மீட்டர் அலைவரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, எங்கள் வீட்டார் நலமாக இருக்கும் செய்தியை, தங்கள் ஊரில் வேலைசெய்த தொலைபேசி வழியாக எங்கள் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் சொன்னார்கள். இருட்டியபின் அந்த அலைவரிசையில் பக்கத்து ஊர் மறைந்து, எங்கோ தொலைதேசம் கேட்கத் தொடங்கிவிடும். உடனே எல்லோரும் 80 மீட்டருக்கு மாற வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டி இருக்கவில்லை. தாலுகா அலுவலக பீரோவில் இருக்கும் கருவிக்கு இந்தப் பழக்கத்தை யார் கற்றுக்கொடுப்பது?

அட்லாண்டிக் கரையில் சூறாவளிகளைக் கண்காணிக்கும் ‘ஹரிக்கேன் வாட்ச் நெட்’ 1965-ல் பெட்சி சூறாவளியின்போது தொடங்கியதும் இதே போன்ற பேச்சுப் பழக்கத்திலிருந்துதான். மக்கள் வாழும் நிலத்துக்குச் சுமார் 480 கிலோமீட்டர் தொலைவுக்குள் சூறாவளி வந்துவிட்டால், 14.325 மெகாஹெர்ட்ஸில் அந்த நெட் கூடுகிறது. தீவுகளில் இருக்கும் ஹாம்கள், அதாவது எங்களைப் போன்ற வானொலியாளர்கள், தங்கள் வீட்டில் அளந்த காற்றின் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் சொல்ல, மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையத்திலேயே இயங்கும் அமெச்சூர் நிலையம் அதைக் குறித்துக்கொள்கிறது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கித் தீவு முழுவதும் இருண்டபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 50 ஹாம்களைக் கேட்டது. இறுதியில் 22 பேர் அனுப்பப்பட்டார்கள். எல்லோரும் தன்னார்வலர்கள். கருவிகளை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பினால் போதும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஏற்பாட்டின் பெரிய ஓட்டையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருப்பவர் பதில் சொல்லாவிட்டால்தானே தேடுவோம்? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின், எங்கள் காலை நெட்டில் வேதாரண்யம் என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு அங்கே எங்கள் உறுப்பினர் ஒருவரும் இல்லை. கம்பங்கள் விழுந்து பல நாட்கள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிடந்த அந்த ஊர்களைப் பற்றி, மற்றவர்களைப் போலவே நாங்களும் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டோம். உரிமம் பெற்றவர்கள் நகரங்களிலேயே குவிந்திருக்கிறோம். இந்த ஓட்டையை அரசும் நாங்களும் சேர்ந்துதான் அடைக்க முடியும்.

நகரத்திலும் நிலைமை சுகமில்லை. வர்தாவுக்குப் பிறகு நான் குடியேறிய அடுக்குமாடிக் குடியிருப்பில், மொட்டைமாடியில் ஒரே ஒரு கம்பி ஆண்டெனா கட்டுவதற்கு நான் கேட்ட அனுமதியை, அது இடியை இழுக்கும் என்றும் கதிர்வீச்சு பரப்பும் என்றும் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தார் மறுத்துவிட்டார்கள். அதே மொட்டைமாடியில் மாத வாடகைக்குக் கைப்பேசிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. நான் இப்போது பால்கனியில் துணி காயவைக்கும் கொடியோடு கொடியாக என் கம்பியையும் ஓடவிட்டிருக்கிறேன் என்பது, இந்தக் கடிதம் அச்சானால், அவர்களுக்கும் தெரியவரும்.

ஆகவே, தாலுகாவுக்கு ஒரு கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில், கடலோரப் பள்ளி, கல்லூரிகளில் ஊருக்கு நாலைந்து பேரையாவது அமெச்சூர் வானொலித் தேர்வுக்குத் தயார்செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 12 வயது நிரம்பியவர்கள் இத்தேர்வை எழுதலாம். மீனவக் கிராமங்களில் கடல்வானொலி கேட்டுப் பழகிய காதுகள் ஏற்கனவே இருக்கின்றன. உரிமம் வந்ததும் அவர்கள் எங்கள் காலை நெட்டில் பேசத் தொடங்கட்டும். என்ன மீன் கிடைத்தது என்று பேசினாலும் போதும். மாவட்ட நிர்வாகம் பருவமழைக்கு முன் நடத்தும் ஒத்திகைகளுக்கு உள்ளூர் ஹாம்களையும் அழைத்தால், புயல் வந்தபின் ஆட்சியர் அலுவலக வாசலில் நின்று எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நேரம் மிச்சமாகும். ரிப்பீட்டர் பேட்டரியை ஆண்டுதோறும் செப்டம்பரில் சோதிப்பது எங்கள் பொறுப்பு. இந்த ஆண்டு சோதித்துவிட்டோம்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையுடன் வெளியான படத்தில் இருப்பது காவல்துறையினர் வைத்திருக்கும் வாக்கிடாக்கி. ஹாம் கருவி அல்ல. எங்கள் கருவியைத் தங்கள் புகைப்படக் கலைஞர் படமெடுக்க விரும்பினால், எந்த நாளும் காலை ஆறரை மணிக்கு முன்பாக வீட்டுக்கு வரலாம். அதற்குப் பிறகு வந்தால், நெட் முடியும்வரை காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற வாசகர்,
சென்னை.