ஷாக்கிள்டனுக்கு அலமாரியில் இடம் பண்ணியாகிவிட்டது

அன்புள்ள கண்ணா,

ஷாக்கிள்டன் நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தார். வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்த அப்பா, "உன் பிள்ளை லண்டனிலிருந்து செங்கல் அனுப்பியிருக்கான்" என்றார். பிறந்தநாளுக்கு அம்மாவுக்குப் புடவை வாங்கி அனுப்பும் பிள்ளைகள் நிறைய உண்டு. தென்துருவப் பக்கம் போன ஒரு மனிதரின் தலையைத் தேடிப்பிடித்து அனுப்ப உனக்குத் தோன்றியதே, அதற்காகவே நீளமாக ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் இதையெல்லாம் சொன்னால் வேறு வேலை பார்த்துக்கொண்டே "ம்ம்" கொட்டுவாய்.

முதலில் உன் சந்தேகம். "வெண்கலம்தானே அம்மா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆனால் உன்னை யாரும் ஏமாற்றவும் இல்லை, பெட்டியிலேயே 'கோல்ட் காஸ்ட் பிரான்ஸ்', அதாவது உருக்காமல் வார்த்த வெண்கலம் என்று போட்டிருக்கிறார்கள். ரெசினில் வெண்கலத் தூளைக் கலந்து சிலிகோன் அச்சில் ஊற்றி இறுக விடுவார்கள். வெளியே எடுக்கும்போது மங்கலாகத்தான் இருக்கும். ஸ்டீல் உல் வைத்துத் தேய்க்கத் தேய்க்க மூக்கு, கன்னம், புருவமேடு என்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் உலோகம் மினுங்கும். பள்ளங்களில் கருஞ்சாயத்தைத் தங்க விட்டு, மேலே மெழுகு போட்டுத் துடைத்தால் பழைய வெண்கலம் மாதிரியே ஆகிவிடும். அசல் வெண்கலத்தை விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்னும், தொட்டால் சில்லென்று இருக்கும். நம்மவர் டொக் என்கிறார், கையில் எடுத்த கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறார். எடைக்காக உள்ளே எதையோ நிரப்பியிருக்கிறார்கள், அதுதான் அப்பாவின் செங்கல்.

செய்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோடு விழும். அதைச் சுத்தமாக இழைத்திருக்கிறார். தாடைக்கு அடியில் ஒரே ஒரு காற்றுக்குமிழித் துளை தப்பியிருக்கிறது. கழுத்தில் கம்பளி ஸ்வெட்டரின் பின்னல் கண்ணி கண்ணியாகத் தெரிகிறது. தலையில் துணிக் குல்லாய், பின்னுக்குத் தள்ளிவிட்ட மாதிரி. இதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. தென்துருவம் தேடிப் போன பிரிட்டிஷ்காரர்கள் ஸ்காட்டும் ஷாக்கிள்டனும் மேலுடுப்பாகப் போட்டது காற்று புகாத கேபர்டைன் துணி. கையுறையும் காலணியும் ரோமம்தான், அது வேறு. தலையோடு போர்த்தும் ரோம உடுப்பு, ஸ்காட்டை முந்தித் தென்துருவத்தைத் தொட்ட நார்வேக்காரர் ஆமுண்ட்செனின் வழி. 1903 முதல் இரண்டு குளிர்காலம் கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் மக்களோடு இருந்து அவர்களிடம் கற்றுக்கொண்டது. நான் பார்த்த எத்தனையோ சிலைகளில் ஸ்காட்டின் முகத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று ரோமத்தை வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். அதை நிஜமாகவே போட்டிருந்தால் அந்த மனிதரின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

"அத்தைக்கு ஏன் இந்தப் பனிக்காரர்கள் மேல் இவ்வளவு ஆசை?" என்று உன் மனைவி கேட்டாளாமே. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் குடியிருந்துகொண்டு அவர்கள் கண்ணில் படாமல் இருக்க முடியாது என்று சொல். அவர்களுடைய கப்பல்கள் 'டிஸ்கவரி' 1901இல், 'நிம்ராட்' 1908இல், 'டெர்ரா நோவா' 1910இல், எல்லாம் நம் லிட்டல்டன் துறைமுகத்திலிருந்துதான் தெற்கே போனது. ஏவன் ஆற்றங்கரையில் நிற்கிற வெள்ளைச் சிலை ஸ்காட் என்பது உனக்குத் தெரியும். செதுக்கியது யார் என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், நீ வாத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். செதுக்கியது அவருடைய மனைவி கேத்லீன்.

கேத்லீன் ஸ்காட் பொழுது போகாமல் மண் பிசைந்தவர் இல்லை. லண்டனில் ஸ்லேடு கலைப்பள்ளியிலும் பிறகு பாரிஸிலும் படித்தவர், சிற்பி ரொதானோடு பழகியவர். 1910 நவம்பர் கடைசியில் நியூசிலாந்து வரைக்கும் கூடவே வந்து, போர்ட் சால்மர்ஸில் கணவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். மறுபடி பார்க்கவே இல்லை. ஸ்காட் கூடாரத்துக்குள் இறந்தது 1912 மார்ச் கடைசியில். உடல்களைக் கண்டுபிடித்தது நவம்பரில். உலகத்துக்குச் செய்தி வந்தது 1913 பிப்ரவரியில். அந்தச் சமயம் கேத்லீன் கணவரை வரவேற்பதற்காகக் கப்பலில் நியூசிலாந்து நோக்கி வந்துகொண்டிருக்கிறார். பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் மன்னரே வந்து நினைவு வழிபாடு முடிந்துவிட்டது. பசிபிக் நடுவில் இருக்கும் மனைவிக்கு இன்னும் தெரியாது. சில நாள் கழித்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தபோதுதான் கப்பல் கேப்டன் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் ஊருக்குப் போய், அந்த முகத்தைக் களிமண்ணில் செய்திருக்கிறார்.

நான் போகிற களிமண் வகுப்பில் முகம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது பார், அதைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் எடுக்க வேண்டும், கருவியால் சரியாக வராது. போட்டோவை வைத்துச் செய்பவர்கள் அங்கேதான் திணறுவார்கள், போட்டோவில் அந்த இடம் வெறும் நிழல். கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஆழம் விரலுக்கே தெரியும். தெரிந்த விரலை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடிக்க எப்படி மனசு வந்தது என்றுதான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

லண்டன் வாட்டர்லூ பிளேஸில் 1915இல் வைத்தது வெண்கலம். நம் ஊருக்கு 1917இல் வந்தது சலவைக்கல். போர்க்காலம், உலோகத்துக்குத் தட்டுப்பாடு. 2011 நிலநடுக்கத்தில் நம் ஸ்காட் பீடத்திலிருந்து விழுந்து கால் உடைந்தாரே, அப்போது அப்பா "வெண்கலமா இருந்திருந்தா நசுங்கியிருக்கும், உடைஞ்சிருக்காது" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். 2017இல் ஒட்டிச் சேர்த்து மறுபடி நிறுத்திவிட்டார்கள். ஸ்காட்டோடு இறந்த வில்சனின் சிலை செல்டன்ஹாமில் இருக்கிறது, 1914. அதுவும் கேத்லீன். லிச்ஃபீல்டில் டைட்டானிக் கேப்டன் ஸ்மித்தின் சிலை இருக்கிறது, அதே வருஷம். அதுவும் கேத்லீன். பனி கொண்டுபோன கேப்டன்மார் எல்லாம் இந்தம்மாவிடம்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

ஸ்காட் சாகும் தறுவாயில் எழுதிய கடைசிக் கடிதம் 'என் விதவைக்கு' என்று தொடங்கும். முடிந்தால் பையனுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் உண்டாக்கு, விளையாட்டைவிட அது மேல் என்று அதில் எழுதியிருக்கிறார். பீட்டருக்கு அப்போது இரண்டரை வயது. அந்தப் பிள்ளை வளர்ந்து, பறவைகளை வரைந்து, 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1961இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கடிதம் எழுதியது அப்பா, கூட இருந்து வளர்த்தது அம்மா. நான் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாட்டர்லூ பிளேஸுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்காட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் ஜான் ஃபிராங்க்ளின். 1845இல் இரண்டு கப்பல்களில், கனடாவுக்கு வடக்கே பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழி தேடிப் போனவர். அவரும் அவரோடு போன 128 பேரும் திரும்பவில்லை. அங்கேயும் மனைவிதான். ஜேன் ஃபிராங்க்ளின் அரசாங்கத்தை நச்சரித்து, சொந்தப் பணம் போட்டு, சந்தா பிரித்து, தேடுதல் கப்பலாக அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படிப் போன கப்பல் ஒன்றுதான் 1859இல் கணவர் இறந்த தேதி எழுதிய தாளைக் கண்டுபிடித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஃபிராங்க்ளினின் மார்பளவுச் சிலை இருக்கிறது. வாட்டர்லூ பிளேஸ் சிலையைச் செய்த அதே மாத்யூ நோபிள் செய்தது, கீழே கவிஞர் டென்னிசனின் வரிகள். அதை 1875இல் திறந்தார்கள். ஜேன் அதற்குச் சில நாள் முன்பு போய்விட்டார். அந்த இரண்டு கப்பல்களும் கிடைத்தது 2014இலும் 2016இலும்.

கென்சிங்டன் பக்கம் போனால் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி கட்டடத்தின் வெளிச்சுவர் மாடத்தில் ஷாக்கிள்டன் நிற்கிறார், 1932. சார்ல்ஸ் சார்ஜென்ட் ஜாகர் செய்தது. முதல் உலகப்போரில் காயம்பட்டுத் திரும்பிய சிற்பி, ஹைட் பார்க் மூலையில் இருக்கும் பீரங்கிப்படை நினைவுச்சின்னமும் அவருடையதுதான். கனத்த உடுப்புக்குள் இருக்கும் உடம்பின் களைப்பைக் காட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ அனுப்பிய சிலையின் தோள்களைப் பார்த்தால் அதைச் செய்தவரும் அங்கே போய் நின்று பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. கேம்பிரிட்ஜ் போகும் வேலை வந்தால் லென்ஸ்ஃபீல்ட் ரோட்டில் ஸ்காட் பெயரில் இருக்கும் துருவ ஆராய்ச்சி நிலையத்தின் முகப்பைப் பார், கேத்லீன் செய்த மார்பளவுச் சிலை இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சிலையை மட்டும் நீயோ நானோ லேசில் பார்க்க முடியாது. அன்டார்க்டிகா பக்கம் எலிஃபன்ட் தீவில் இருக்கிறது. 'எண்டூரன்ஸ்' கப்பல் முழுகிய பிறகு ஷாக்கிள்டனின் ஆட்கள் 22 பேர் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் நாலு மாதத்துக்கு மேல் காத்துக்கிடந்த இடம். மூன்று முறை முயன்று முடியாமல், 1916 ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டின் 'யெல்ச்சோ' என்ற சின்ன இழுவைக் கப்பல்தான் அவர்களை மீட்டது. அதன் கேப்டன் லூயிஸ் பார்தோ. அந்தக் கரையில் இன்று இருப்பது ஷாக்கிள்டன் தலை இல்லை, பார்தோவின் தலை, சுற்றிலும் பென்குவின் கூட்டம். கிளம்புவதற்கு முன் பார்தோ தன் அப்பாவுக்கு எழுதினார்: இதை நீங்கள் படிக்கும்போது உங்கள் மகன் இறந்திருப்பான், இல்லையென்றால் அவர்களோடு புன்டா அரீனாஸ் வந்து சேர்ந்திருப்பான், தனியாக வரமாட்டேன். தைரியசாலிதான், சரி. அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அப்பாவை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. நீ இப்படி எதையும் எனக்கு எழுதித் தொலைக்காதே.

பனிக்கண்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து அமெரிக்க விமானங்கள் போகும் மக்மர்டோ நிலையத்தில், தென்துருவத்தின் மேல் விமானத்தில் பறந்த அமெரிக்கர் அட்மிரல் பேர்டின் வெண்கலத் தலை, 1965இல் வைத்தது. எல்லாக் கரையிலிருந்தும் தொலைவான இடத்தில் 1958இல் ரஷ்யர்கள் ஒரு குடில் கட்டி, மேலே லெனினின் தலையை வைத்துவிட்டு வந்தார்கள். 2007இல் ஒரு குழு போய்ப் பார்த்தபோது குடில் பனிக்குள் போயிருந்தது, லெனின் மட்டும் வெளியே. அவர் துருவத்துக்குப் போனவர் இல்லை, என் அலமாரியில் அவருக்கு இடமும் இல்லை.

ஆபீசர்களுக்குச் சிலை சீக்கிரம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்குக் குறை. டாம் கிரீன் ஸ்காட்டோடு இரண்டு முறை, ஷாக்கிள்டனோடு ஒரு முறை போனவர். நோயில் விழுந்த ஓர் அதிகாரியைக் காப்பாற்ற ஏறக்குறைய 56 கிலோமீட்டர் தன்னந்தனியாகப் பனியில் நடந்தவர். ஊருக்குத் திரும்பி ஒரு பப் நடத்திக்கொண்டு, அதைப் பற்றி வாய் திறக்காமலே 1938இல் செத்துப்போனார். அயர்லாந்தில் அவருடைய அன்னஸ்கால் கிராமத்தில் சிலை வந்தது 2003இல்தான், கையில் நாய்க்குட்டிகளோடு. கிரீன் எங்காவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்.

கடைசியாக, நீ ஏலத்தில் பார்த்துவைத்திருக்கும் ஆமுண்ட்சென். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. 1928இல் இன்னொருவரைத் தேட விமானத்தில் போய்க் காணாமல் போனார், கல்லறையும் இல்லை. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் நி-ஓலெசுந்த் ஊர் நடுவில் வெண்கலத் தலை வைத்திருக்கிறார்கள். இந்த ஏலச் சிலையை வெண்கலம் என்று போட்டிருக்கிறார்கள், படத்தில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அடிப்பக்கம் தேய்ந்த ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். பொன்னிறமாகத் தெரிந்தால் வெண்கலம், வெள்ளிச் சாம்பலாகத் தெரிந்தால் மேலே நிறம் பூசிய துத்தநாகம். வார்ப்புக்காரரின் முத்திரை இருக்கிறதா என்று கேள். மூக்கையும் பார். அந்த மனிதருக்குக் கழுகு மூக்கு, அதை நேராக்கிவைத்திருந்தால் நமக்கு வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் நூறு பவுண்டைத் தாண்டினால் விட்டுவிடு. வாங்கிவிட்டால் அப்பாவிடம் விலையைச் சொல்லாதே, நானே நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா