நீண்ட காலம் என்றால் எவ்வளவு?

ஆசிரியருக்கு,

துணைவேந்தர் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில்தான் என் மகள் பட்டம் வாங்கினாள். சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், குழு சார்பில் ஓர் அதிகாரியின் கையெழுத்து. மேற்படிப்புக்கு விண்ணப்பித்த இடத்தில் 'இவர் யார்?' என்று கேட்டார்கள். அதனால், மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் ஆளுநர் இழுத்தடிக்கிறார் என்று தமிழக அரசு போட்ட வழக்கு எங்கள் வீட்டில் வெறும் அரசியல் செய்தி இல்லை.

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, முழு நீதி வழங்க அந்த நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்படி, கிடப்பில் இருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகம், துணைவேந்தர் நியமனம் பற்றியவை. அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர் அந்தப் பிரிவையே அணு ஏவுகணை என்றார். மசோதாவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவதற்கு என்ன பெயர் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அப்புறம் குடியரசுத் தலைவர் இது பற்றி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகள் அனுப்பினார். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, மசோதா மீது முடிவெடுக்க ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ காலக்கெடு விதிக்க முடியாது, 'கருதப்படும் ஒப்புதல்' என்பதும் கிடையாது என்றது. அதிகாரப் பிரிவினை என்ற வாதம் சரி, எனக்கும் புரிகிறது. காரணம் சொல்லாமல் நீண்ட காலம் இழுத்தடித்தால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாமாம். நீண்ட காலம் என்றால் எத்தனை மாதம்? அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழக்குப் போட வேண்டும் போலிருக்கிறது.

- ஒரு வாசகர், கும்பகோணம்