ஸ்கோர் கேட்கிற ஆள் வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ பேசின அவசரத்தில் பாதிதான் காதில் விழுந்தது. உங்கள் சேலம் பேப்பருக்கு விளையாட்டு நிருபர் எடுக்கப் போகிறீர்கள், விண்ணப்பம் குவிந்து கிடக்கிறது, மூன்று பேரைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாய், யாரை எடுக்கலாம் என்று கேட்டாய். பத்திரிகை ஆபீஸ் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடற்கல்வி டீச்சராக இருந்த காலம் முழுக்க உங்கள் ஆட்களுக்கு ரிசல்ட் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினவள் நான். மைதானத்துப் பக்கமிருந்து பார்த்தால் யார் நிருபர், யார் சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர் என்பது தெரிந்துவிடும். போனில் சொன்னால் நடுவில் 'சரிம்மா, சரிம்மா' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பங்களில் முக்கால்வாசி 'சிறு வயது முதலே கிரிக்கெட் மீது தீராத ஆர்வம்' என்றுதான் ஆரம்பிக்கிறது என்று சிரித்தாய். கிரிக்கெட் பிடிப்பது குற்றமில்லை. ஆனால் ஐ.பி.எல். ஸ்கோர் உங்களுக்குச் செய்தி ஏஜென்சியிலிருந்து வந்துவிடும். அதைப் படிக்க சேலத்துக்காரர் உங்கள் பேப்பரை வாங்கப் போவதில்லை, ராத்திரியே செல்போனில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். ஓமலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கோ-கோ இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பது உங்கள் பேப்பரை விட்டால் வேறு எங்கே வரும்?

சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் ஆட்டத்தில் இறங்கினார். அதே பயணத்தில் டி20, டெஸ்ட் என்று மூன்று வகையிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். ஊரில் அவரை ரதத்தில் ஏற்றி அழைத்துப் போனதை டெல்லிச் சேனல்கள்கூடக் காட்டின. அது எல்லாருக்குமான செய்தி. அதற்கு முந்தி அவர் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள்தான் உள்ளூர்ப் பேப்பருக்கு உரியவை. பெரியவடகம்பட்டி மாரியப்பனும் உங்கள் மாவட்டம்தான். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கின பிறகு அவர் வீட்டு வாசலில் கேமரா நிற்க இடமில்லை. அவரை முதன்முதலில் உயரம் தாண்டிப் பார் என்று தூண்டியது பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். (இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.) அந்த வயதில் அவர் பள்ளிப் போட்டியில் எவ்வளவு தாண்டினார் என்று நோட்டில் குறித்து வைக்கிற மாதிரி ஆள் உங்களுக்கு வேண்டும்.

அதனால் நேர்காணலில் தோனி எத்தனை சதம் என்று கேட்காதே. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடுகிற குறுவட்டப் போட்டி முடிந்தால் அடுத்து எது, வருவாய் மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் பிள்ளை எங்கே போகும் என்று கேள். இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளி எந்த ஆட்டத்தில் வலு என்று கேள். காந்தி ஸ்டேடியத்தில் விடிகாலை யார் யார் ஓடுகிறார்கள் என்று கேள். முழிப்பவர்களைத் தள்ள வேண்டாம். 'தெரியாது, நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்கிறவரையும், தெரிந்த மாதிரி அளக்கிறவரையும் அங்கேயே பிரித்துவிடலாம்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். நம் பள்ளி மைதானத்தில் மாவட்ட ஹாக்கி நடந்தது. நம் கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் சும்மாவா? மறுநாள் பேப்பரில் கால் பக்கத்துக்குப் படம். படத்தில் ஒரு பிரமுகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாக்கி மட்டையைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்து நிற்கிறார், சுற்றி பதினைந்து பேர். போட்டியைத் தொடங்கி வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் எல்லார் பெயரும் இனிஷியலோடு இருந்தது. யார் ஜெயித்தது என்று தேடிப் பார்த்தேன், இல்லை. என் பிள்ளைகள் ஷூட் அவுட்டில் ஜெயித்திருந்தார்கள். வந்த நிருபர் தொடக்க விழா முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஆகவே எடுக்கப் போகிற ஆளை முதலில் ஒரு போட்டிக்கு அனுப்பு. அங்கே சிறப்பு விருந்தினர் இருக்க வேண்டும். ஆறு மணிக்குள் பத்து வரி எழுதித் தரச் சொல். விருந்தினர் எத்தனையாவது வரியில் வருகிறார் என்று மட்டும் பார். முதல் வரியில் ஸ்கோர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது பெயர். எங்கள் கபடி டீமில் ஒரு வருஷம் மூன்று காயத்ரி இருந்தார்கள். ரெய்டு போகிற காயத்ரி, கார்னர் பிடிக்கிற காயத்ரி, சப்ஸ்டிட்யூட் காயத்ரி. ஜெர்சி நம்பரும் இனிஷியலும் சேர்த்து வாட்ஸப்பில் அனுப்பினேன், போன் பண்ணியும் சொன்னேன். பேப்பரில் 'காயத்ரி சிறப்பாக விளையாடினார்' என்று வந்தது. அதுவும் சப்ஸ்டிட்யூட் காயத்ரியின் இனிஷியலோடு. அவள் அன்றைக்குக் கோட்டுக்குள் காலே வைக்கவில்லை. ரெய்டுக்காரி ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை, நான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். உங்களுக்கு அது ஒரு எழுத்துப்பிழை. அந்தப் பிள்ளைகள் அந்த நறுக்கை லேமினேஷன் பண்ணி வீட்டில் மாட்டுகிறார்கள், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போகும்போது சான்றிதழோடு சேர்த்து ஃபைலில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். ஸ்கோர் ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறவரா, பெயரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறவரா என்று கவனி.

இன்னொன்று, நீயே ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 'தேசியப் போட்டியில் தங்கம்', 'நேபாளத்தில் சர்வதேசப் போட்டியில் தங்கம்' என்று பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மெடலும் மாலையுமாக ஆபீஸுக்கே வருவார்கள். அதில் உண்மையானதும் உண்டு. ஆனால் அங்கீகாரம் இல்லாத ஏதோ ஒரு சங்கம் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிற போட்டியும் உண்டு. சில பிரிவில் ஆடவே ரெண்டு மூன்று பேர்தான் வந்திருப்பார்கள், வந்தவருக்கெல்லாம் மெடல். பிள்ளை பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சான்றிதழை அரசு ஒதுக்கீட்டில் நீட்டும்போதுதான் செல்லாது என்று தெரியவரும், அதற்குள் அப்பா கடன் வாங்கியிருப்பார். நீங்கள் போட்ட செய்தியைக் காட்டியே அந்தச் சங்கம் அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பேரைப் பிடிக்கும். நல்ல நிருபர் மூன்று கேள்வி கேட்பார்: நடத்தியது எந்தச் சங்கம், அதற்கு மத்திய அரசின் அங்கீகாரம் இருக்கிறதா, உன் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள். மூன்றாவது கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கத் தெரிய வேண்டும், பிள்ளை முகம் வாடாமல்.

எழுத்துப் பரீட்சை வைக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2019-ல் அதே தோஹாவில், ஆசியத் தடகளத்தில், அதே 800 மீட்டரில் திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வாங்கினார். நான்ட்ரோலோன் என்கிற தடை செய்யப்பட்ட மருந்து சோதனையில் தெரிந்தது என்று 2020-ல் நாலு வருஷத் தடை, தங்கமும் போயிற்று. ஒரே தூரம், ஓடினதும் ஒரே தோஹா, ரெண்டு பேரும் ஏழை வீட்டுப் பெண்கள், ரெண்டு பேர் பதக்கமும் போனது. ரெண்டு பேரைப் பற்றியும் ஆளுக்கு நாலு வரி எழுதச் சொல்.

சோம்பேறி நிருபர் ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பதக்கம் இழந்த தமிழக வீராங்கனைகள்' என்று எழுதிவிடுவார். சாந்தி எந்த மருந்தும் சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, பிறந்த உடம்போடு ஓடினார். அன்றைக்கு ஊடகங்கள் அவர் உடம்பைப் பற்றி எழுதின எழுத்தை நானும் படித்தேன், ஸ்டாஃப் ரூமில் பேப்பரை மடித்து உள்ளே வைத்தேன், பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று. பதக்கம் போன பிறகும் அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தார். பின்னால் சாந்தி பயிற்சியாளராக ஆனார். அவரைப் பற்றிய நாலு வரியில் 'மோசடி' என்கிற சொல்லோ, அதன் வாடையோ இருந்தால் அந்த ஆள் வேண்டாம். கோமதி விஷயம் நேர் எதிர். அங்கே வறுமையைச் சொல்லிச் சொல்லி மருந்தை மறைக்கக் கூடாது. மருந்தின் பெயர், எத்தனை வருஷம் தடை, அவர் தான் தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்று மறுத்தது, மூன்றும் இருக்க வேண்டும். தங்கம் வந்த அன்றைக்குத் துள்ளி எழுதின கை, தடை வந்த அன்றைக்கும் எழுத வேண்டும் இல்லையா? நம் ஊர்ப் பெண்ணாயிற்றே என்று கை நடுங்கும். எனக்கே நடுங்கும். நிருபருக்கு நடுங்கக் கூடாது.

சரி, உன் மூன்று பேருக்கு வருகிறேன்.

சென்னையில் இதழியல் படித்துவிட்டு வந்த பையன் நன்றாக எழுதுகிறான் என்கிறாய். எழுதட்டும். ஆனால் விளையாட்டுப் பக்கம் கிடைத்தால் டி.வி.க்குப் போக வசதி என்று அவனே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். தப்பில்லை, அந்த வயதுக்கு அதுதான் ஆசை. உங்களுக்குத்தான் மறுபடியும் விளம்பரம் கொடுக்கிற வேலை.

வாலிபால் ஆடினவர் இருக்கிறாரே, மாவட்ட அணிக்கு ஆடினவர், அவர்மேல் எனக்கு ஒரு பாசம் வரத்தான் செய்கிறது. ஒற்றுப்பிழை இருந்தால் டெஸ்க்கில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அவர் எந்த கிளப், எந்த செயலாளரோடு இருக்கிறார் என்று விசாரி. ஒரே ஆட்டத்துக்கு ரெண்டு சங்கம், ரெண்டு செயலாளர், ரெண்டு லெட்டர்பேட் இருக்கிற மாவட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்து ஆளை எடுத்தால் மறுபக்கத்துப் பிள்ளைகள் ஜெயித்த செய்தி உங்கள் பேப்பரில் வராது. அது தெரியாமலே நடக்கும், அவர் வேண்டுமென்று செய்ய மாட்டார்.

எனக்குப் பிடித்தது ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். படிப்பு பி.காம்., பத்திரிகை அனுபவம் இல்லை என்று நீயே குறை சொன்னாய். ஆனால் ஊரில் நடக்கிற கபடிப் போட்டிக்கெல்லாம் போய், யார் எத்தனை பாயின்ட், எந்த ரெய்டில் ஆட்டம் திரும்பியது என்று வாட்ஸப் குரூப்பில் போடுகிறாள் என்றாயே, அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறாள் பாப்பா. இதற்கு மேல் என்ன அனுபவம்?

உங்கள் ஆசிரியர் 'ராத்திரி மின்னொளி கபடிக்குப் பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்புவது' என்று இழுக்கிறார் என்றாய். பிள்ளைகள் டீமைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் நடுராத்திரி இறங்கின காலத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. போகிறாயா, எப்படித் திரும்புவாய், என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். போட்டிக் கமிட்டிக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். கடைசி ஆட்டம் நள்ளிரவுக்கு மேல் போனால் ஸ்கோரைப் போனில் வாங்கிக்கொள்ளலாம். அவள் வந்தால் வேறொரு லாபமும் உண்டு. பெண் பிள்ளைகள் ஆண் நிருபர்களிடம் தலையைக் குனிந்துகொண்டு 'ஆமா சார்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவளிடம் வாய் திறப்பார்கள். ஓடுகிற பிள்ளையின் படத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்றும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சம்பள விஷயத்தை மட்டும் கறாராகப் பேசு. வரிக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன் என்று வைத்தீர்களானால் யாரை எடுத்தும் பிரயோஜனமில்லை. ஒரு தடவை ஒரு நிருபர் எங்கள் தலைமையாசிரியையிடம் மாவட்டத் தடகளச் செய்திக்கு 'விளம்பரம் ஏதாவது' என்று இழுத்தார். அரசுப் பள்ளி விளம்பரத்துக்கு எங்கே போகும்? தனியார் பள்ளிப் பிள்ளைகள் படம் கலரில் வந்தது, எங்களுக்கு ரெண்டு வரி. அவரையும் முழுதாகத் திட்ட முடியாது, அவர் வண்டி பெட்ரோலே அந்தக் கமிஷனில்தான் ஓடியது. மாதச் சம்பளம், பெட்ரோல் காசு தனி, விழாவில் பணக் கவர் கொடுத்தால் வாங்கக் கூடாது. மூன்றையும் வேலை உத்தரவிலேயே எழுதிக் கொடுத்துவிடு.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், சினிமாப் பக்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேள். அதுவும் ஆகவில்லை என்றால் எனக்குப் போன் போடு, நான் பேசிப் பார்க்கிறேன்.

மழை விட்டால் நம் ஊரில் மாவட்ட ஹாக்கி ஆரம்பித்துவிடும். ரிட்டயர் ஆனாலும் ஸ்கோர் டேபிளில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நேர்காணல் தேதி முடிவானால் சொல். அப்பா உனக்கு மிளகாய்ப் பொடி அரைத்து வைத்திருக்கிறார், சேலம் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் எந்த நாள் வருகிறார் என்று கேட்டுக் கொடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி